தராசில் ஏறாத ஈரம்

ஜூன் 9, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. இனி ஆகஸ்ட் முடியும்வரை துணி காயாது, உப்பு உதிராது, தீப்பெட்டி பற்றாது, இவருக்குக் காது கேட்காது.

காது கேட்காததற்கு ஈரம்தான் காரணம் என்கிறார். ஜனவரியில் பொள்ளாச்சிக்குப் போய் இரண்டு காதுக்கும் கருவி வாங்கிவந்தோம். கோடை முழுக்க அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி மூன்று தடவை கத்தினேன். நான்காவது தடவை முன்னால் போய் நின்றதும், "மிஷின்ல ஈரம் ஏறிடுச்சு கனி" என்றார். தூக்கை எடுக்காமலேயே போய்விட்டார்.

இவர் ஓட்டுவது சோலைமுடி எஸ்டேட்டின் பள்ளிக்கூட ஜீப். காலையில் லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளிகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குப் போய் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருவது லாரியா, மாடா என்று தெரியாது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, எதிர் ஹாரனுக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இந்த மலையில் எல்லாரும் ஓட்டுகிறார்கள். அதனால் அந்தக் கருவி காய்ந்திருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

இதில் எனக்குத் தனி அவமானமும் உண்டு. ஃபேக்டரி சாம்பிள் ரூமில் தேயிலையை நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுத்து, எவ்வளவு ஈரம் இருந்தது என்று சொல்வதுதான் என் வேலை. ஊர்த் தேயிலைக்கெல்லாம் ஈரம் பார்க்கிறவள் வீட்டில் புருஷன் காதில் ஈரம் என்றால் சிரிப்பார்களா மாட்டார்களா?

ஜூன் 12, வியாழன்

ஸ்டோர் கீப்பர் சகாயராஜ் இருக்கிறாரே, அவருக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. அவருடைய மச்சான் செல்போன் ஆற்றில் விழுந்ததாம், அரிசியில் புதைத்து வைத்தாராம், இன்றைக்கும் பேசுகிறதாம். வெறும் வாயை மெல்கிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி, ஸ்டோருக்கு வருகிற எல்லாரிடமும் என் வீட்டுக் கதையைச் சொல்லி அரிசியைச் சிபாரிசு செய்திருக்கிறார். இவரும் நேற்று ராத்திரி இரண்டு கருவியையும் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார்.

கேட்கிறேன், அரிசி காய்ந்த பொருளா? கடையில் வாங்குகிற அரிசியிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு தண்ணீர் இருக்கிறது. தேயிலையில் நாலு பங்கைத் தாண்டினாலே நான் பேக்கிங்குக்கு அனுப்பமாட்டேன். தானே நனைந்து நிற்கிறவன் இன்னொருவனுக்கு எப்படித் தலை துவட்டுவான்? இதை இவரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். "சரி, ரசமே வை" என்றார்.

கருவியின் குழாய்க்குள் அரிசி மாவு. பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி அரைமணி நேரம் துடைத்தேன். ரசமும் வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எனக்கு வாய்த்தது இது.

அரிசி ஈரம் என்று நான்தான் வாயைக் கொடுத்துவிட்டேன். எஸ்டேட்டிலேயே காய்ந்த பொருள் எது என்று இவர் யோசித்திருக்கிறார். டிரையரிலிருந்து அப்போதுதான் இறங்கிய தேயிலை! அதில் மூன்று பங்குகூட ஈரம் இருக்காது, காற்றில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால்தானே அதை அலுமினியத் தாள் பையில் அடைக்கிறோம்? யோசனையில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். நேரே போய் ஒரு டப்பா டஸ்ட் தேயிலை வாங்கி, அதற்குள் இரண்டு கருவியையும் அமுக்கி, மூடி போட்டு வைத்துவிட்டார்.

டஸ்ட். பெயரிலேயே தூசி இருக்கிறது. மைக் ஓட்டையில், பேட்டரிக் கதவில், குழாயில், எங்கும் தேயிலைத் தூள். ஊதினால் இருமல் வருகிறது. காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேயிலை வாசனையோடு சுற்றினார், நல்லாத்தான் இருக்கு என்று சிரிப்பு வேறு. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி வரும்.

பேட்டரியைக் கழற்றாமலேயே உள்ளே போட்டிருக்கிறார். அந்தப் பொத்தான் பேட்டரிக்குக் காற்றும் கொஞ்சம் ஈரப்பதமும் வேண்டும். ரொம்பக் காய்ந்த இடத்தில் வைத்தால் அதுவும் செத்துப்போகும் என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளை இந்த வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 20, வெள்ளி

இனி யார் வைத்தியமும் வேண்டாம், நானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமில் நான்கு கண்ணாடித் தட்டு வைத்தேன். ஒன்றில் அரிசி, சகாயராஜ் வாயை அடைக்க. ஒன்றில் சிலிக்கா ஜெல், கேமரா பைகளில் வருமே, அந்த ஆரஞ்சு நிற மணி. ஒன்றில் பீரோவில் வைக்கிற டப்பாவை உடைத்து எடுத்த கால்சியம் குளோரைடு, வெள்ளைக் கட்டி. கடைசியில், கருவியோடு கடைக்காரர்கள் கொடுத்த குப்பிக்குள் இருந்த மணி. மேலே மாலிக்குலர் சீவ் என்று எழுதியிருக்கிறது.

எல்லாம் ஐந்து கிராம். ஜன்னலோரம் வைத்து வலை போட்டு மூடினேன். மேனேஜர் துரை எட்டிப் பார்த்து மீசைக்குள் ஏதோ கேட்டார். புது சாம்பிள் என்றேன். பொய் இல்லை.

ஜூன் 21, சனி

கால்சியம் குளோரைடு தன் எடைக்கு மேல் தண்ணீர் குடித்து, கட்டி கரைந்து குட்டையாக நிற்கிறது. சிலிக்கா ஜெல் ஒன்றரை கிராம் ஏறியிருக்கிறது, ஆரஞ்சு போய்ப் பச்சையாகிவிட்டது. சீவ் ஒரு கிராம். அரிசி ஏறியதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் கால்சியம் குளோரைடுதான் ஜெயித்தது என்று கிளம்பியிருந்தால் நானும் சகாயராஜும் ஒன்று. வெளியில் மழைக்காற்று வற்றாத கிணறு மாதிரி, குடிக்கக் குடிக்க வரும். கருவி இருக்கப்போவது ஒரு சின்ன மூடிய டப்பாவில். அங்கே எவன் அதிகம் குடிக்கிறான் என்பதா முக்கியம்? உள்ளே இருக்கிற கொஞ்சத்தையும் விடாமல் எவன் துடைக்கிறான், எவ்வளவு சீக்கிரம் துடைக்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும். பந்தியில் மூன்று இலை சாப்பிடுகிறவனெல்லாம் சட்டியைச் சுரண்டி வைக்கமாட்டான்.

பேக்கிங் அறையில் சும்மா கிடந்த நான்கு ஈரப்பத மீட்டரை எடுத்துக்கொண்டேன். நான்கு டிபன் பாக்ஸ், எல்லாம் ஒரே அளவு, இறுக்கமான மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர், மறுபடி புதிதாக ஐந்து ஐந்து கிராம்.

ஜூன் 24, செவ்வாய்

அரிசி டப்பாவில் மீட்டர் எழுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. கால்சியம் குளோரைடு முப்பது பக்கம் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே அதற்குப் பசியில்லை போலிருக்கிறது. தவிர அது கரைந்து ஒழுகினால் கருவியின் உள்ளே இருக்கிற கம்பியெல்லாம் அரித்துப்போகும். சிலிக்கா ஜெல்லும் சீவும் மீட்டரின் அடி வரைக்கும் கொண்டுபோய்விட்டன. சீவ்தான் வேகம், ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அது ஒரு தடவை நிரம்பினால் மறுபடி காயவைக்க உலை மாதிரி சூடு வேண்டும். சிலிக்கா ஜெல்லை என் அடுப்பிலேயே வறுத்து மறுபடி ஆரஞ்சாக்கிவிடலாம்.

ஆகவே சிலிக்கா ஜெல். முடிந்தது வழக்கு.

இன்று ராத்திரியே டப்பா தயார். கீழே மணி, மேலே சல்லடைத் தட்டு, அதன்மேல் கருவி, பேட்டரி வெளியே. இவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

ஜூன் 25, புதன்

கரண்ட் இல்லை. விளக்கு அணைந்த உடனே பேச்சை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். இந்த மழைக்காலம் முழுக்க இதே கதை. சோம்பேறி.

ஜூன் 28, சனி

கருவி எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது. இவருக்கு இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

குக்கர் ஏழு விசில் அடித்தது. இவர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கேட்டால் ஈரமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செவிடன் காதில் ஊதின சங்கு என்று எழுத வந்தேன். அந்தப் பழமொழி இந்த வீட்டில் வேண்டாம்.

ஜூலை 3, வியாழன்

கருவியையே நிறுத்துப் பார்த்துவிடுவது என்று சாம்பிள் ரூமுக்கு எடுத்துப்போனேன். சாயங்காலம் இவர் காதிலிருந்து கழற்றிய கையோடு ஒரு தடவை, ராத்திரி முழுக்க டப்பாவில் வைத்தபின் காலையில் ஒரு தடவை. உள்ளே ஈரம் இருந்திருந்தால் காலையில் எடை குறைய வேண்டும். குறையவில்லை. தராசு மில்லிகிராம் வரை காட்டும், ஒரு மில்லிகிராம்கூட அசையவில்லை.

தராசு கெட்டிருக்கும் என்று படிக்கல் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டுகிறது. நாளைக்கு மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

அதே எடை.

ஒன்றை என் காதில் வைத்துக் கேட்டேன். தகரக் கூரை மழை தலைக்குள் இறங்கி, தூக்கிவாரிப் போட்டது. அடுத்த அறையில் சாம்பிள் பையன்கள் கேரம் ஆடுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. குழாய் என் காதுக்குப் பொருந்துகிறது, இவர் காதுக்குப் பொருந்தவில்லை போலும். பொள்ளாச்சியில் சொல்லி வேறு குழாய் மாற்ற வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

சந்தையில் பேச்சித்தாயைப் பார்த்தேன். ஜீப்பில் பிள்ளைகளோடு போய்வருகிற ஆயா. மகளுக்குப் பிரசவம், வருகிற சனிக்கிழமை கயத்தாறு போகிறாளாம். போகட்டும், நல்லபடியாகப் பிறக்கட்டும் என்றேன். அவள் நகராமல் நின்றாள்.

"அக்கா, நான் இல்லாதப்ப அண்ணாச்சிக்குத் தோள் தட்ட யாரு இருக்கா?"

என்ன தோள் என்றேன். எனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்துப் பேசியிருக்கிறாள். இவருக்குப் பின்சீட்டில் இவள் உட்காருவாளாம். எதிர் ஹாரன் கேட்டால் வலது தோளில் ஒரு தட்டு. பஸ், லாரி என்றால் இரண்டு தட்டு. பின்னாலிருந்து வந்தால் இடது தோள். போன பள்ளிக்கூட வருஷத்திலிருந்தே இப்படித்தானாம்.

முருங்கைக்காய் வாங்க மறந்துவிட்டேன். பீன்ஸ் விலை கொள்ளை.

ஜூலை 9, புதன்

பொள்ளாச்சி. கருவிக் கடையில் காது சோதிக்கிற பெண், ரெஹானா, சின்னப் பெண்தான். இரண்டு கருவியையும் ஏதோ பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, டப்பா யார் தயார் பண்ணினது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"அக்கா, மழைக்காலத்துல இவ்வளவு காய்ஞ்ச மிஷினை நான் பாத்ததே இல்ல. மிஷின்ல குறையே கிடையாது."

எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு இவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். இவர் டக்டக்கென்று அமுக்கினார். எனக்கு உயிர் வந்தது. ரெஹானா கொஞ்ச நேரம் பார்த்தாள், தன் கைக்கு முன்னால் ஒரு அட்டையைத் தூக்கி நிறுத்தினாள். பொத்தான் நின்றுவிட்டது. அவள் கை திருகுவதைப் பார்த்துத்தான் அவ்வளவு நேரமும் அமுக்கியிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் இவர் கையில் பொத்தானை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

வீட்டுக்குள் முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துக்கொள்வார், ரோட்டில் வண்டி எடுக்கவே கூடாது என்றாள். கருவியைச் சத்தம் கூட்டி வைத்தாலும் அதற்கு உதவாதாம். உள்ளே நரம்பு போய்க்கொண்டிருக்கிறதாம், அதைக் காயவைத்துச் சரிசெய்ய முடியாது.

திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஹாரன். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, மழை நின்றால் சரியாகிவிடும் என்றார். நான் தலையாட்டினேன். இந்த எஸ்டேட்டில் எனக்கு நினைவு தெரிந்து இவரைத் தங்கப்பழம் என்று பெயர் சொல்லி அழைப்பது துரை ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் டிரைவர் அண்ணாச்சி. இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்கொள்வார். அட்டகட்டி செக்போஸ்ட் தாண்டும்போது என் கையைத் தொட்டுத் திருப்பினார்.

"துரைகிட்ட இப்போ சொல்லாத கனி. மழை முடியட்டும். ஸ்டியரிங்க வாங்கிட்டா அப்புறம் நான் யாரு?"

சொல்லவில்லை என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

சிலிக்கா ஜெல்லை வறுத்தேன். பச்சையே ஆகவில்லை, ஆரஞ்சாகத்தான் இருந்தது. இருந்தும் வறுத்தேன்.

ஜூலை 12, சனி

பேச்சித்தாய் ஊருக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஜீப்பில் சகாயராஜின் பேத்தி போகிறாள், என் சாம்பிள் ரூமில் கூட்டுகிற லூர்துவின் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். துரை வீட்டு வாசல் வரைக்கும் போனேன். நாய் குரைத்தது. திரும்பி வந்துவிட்டேன். நாய் மேல் பழி போடுகிற அளவுக்கு வந்தாயிற்று.

ஜூலை 14, திங்கள்

லீவு போட்டுவிட்டு நானே ஜீப்பில் ஏறினேன். புது ஆயா வரும்வரை நான் வருகிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். இவர் பின்சீட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

பனி வெள்ளைச் சுவராக நின்றது. பிள்ளைகள் ஒரே கூச்சல், தார்ப்பாயில் மழைச் சத்தம், அதற்குள் ஹாரனைப் பிரித்துக் கேட்க வேண்டும். வலது தோள் ஒரு தட்டு, வலது தோள் இரண்டு தட்டு. தட்டிய அந்த நொடியில் வண்டி ஓரம் ஒதுங்கிவிடும், ஒரு குலுக்கல் கிடையாது. என்ன அருமையாக ஓட்டுகிறார்! பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே என்றார். நாளைக்கும் இப்படியே தட்டினால் போதும், நாளை மறுநாளும் போதும் என்று என் மனசும் கணக்குப் போட்டது. என் காதில் விழாத ஒரு ஹாரன் வருகிற நாள் வரைக்கும்.

திரும்பும்போது வண்டி காலி. கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் கீழேயிருந்து லாரி ஹாரன் வந்தது. என் கை தோள் வரைக்கும் போய்விட்டது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தட்டாமல் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் தொழில் புத்தி அப்படி. மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை நீளமாக. இவர் வேகம் குறையவே இல்லை. சீட்டியடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு வளைவுக்குள் திருப்பினார்.

மஞ்சள் விளக்கு இரண்டும் பனிக்குள்ளிருந்து கண்ணுக்கு முன்னால் வந்தன. கத்தினேன், அதனால் என்ன பிரயோஜனம்? விளக்கைப் பார்த்துத்தான் ஒடித்தார். ஜீப் தேயிலைச் சரிவில் ஏறி, செடியை முறித்துக்கொண்டு சாய்ந்து நின்றது. என் நெற்றி முன்சீட்டில் இடித்துப் புடைத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. லாரிக்காரன் இறங்கி வந்து திட்டினான். அது எனக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

லாரி போனபிறகு இவர் திரும்பினார்.

"ஏன் தட்டல?"

"ரெண்டு தரம் அடிச்சான். எனக்குக் கேட்டுச்சு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

என் வாயையே பார்த்தார். "ரெண்டு தரமா?"

"ரெண்டு தரம்."

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்தே எஸ்டேட்டுக்கு வந்தோம். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவர எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவரை இவரே போய் ஏற்பாடு செய்தார். ஜீப்பின் வலது பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல்.

இப்படிச் செய்ய எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. அந்த லாரி இன்னும் ஒரு முழம் முன்னால் வந்திருந்தால்? இவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் இவரே வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆபீசுக்குக் கிளம்பும்போது என்னையும் வரச் சொன்னார்.

"துரை மீசைக்குள்ளயே பேசுற ஆளு. அவர் என்ன கேக்கிறார்னு எனக்கு விளங்காது. நீ பக்கத்துல நில்லு."

இத்தனை நாளில் தனக்குக் கேட்காது என்று இவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றுவிட்டேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

துரையின் மேஜைமேல் சாவியை வைத்தார். கீறலைச் சொன்னார், காதையும் சொன்னார். துரை நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் இவர் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துச் சொன்னேன்.

"போன வருஷ மழையிலேர்ந்து" என்றார். அப்புறம் துரையை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். "மிஷின் வாங்கின அன்னைக்கே சரியாக் கேக்கல, கனி. நீ அவ்வளவு சந்தோஷப்பட்ட. சொல்ல மனசு வரல."

அரிசியை நிறுத்தேன், மணியை நிறுத்தேன், கருவியைக்கூட நிறுத்தேன். இந்த மனுஷன் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு, டப்பாவுக்கு மூடி பிடித்துக்கொண்டு, என் கூடவே இருந்திருக்கிறார். அங்கேயே இவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று வந்தது.

துரை அடுத்த கேள்வி கேட்டார். நான் அதை இவருக்குச் சொல்ல வேண்டும். குடையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி இவர் பக்கம் திரும்பினேன். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.